பத்து நிமிடம்

"சுத்தம் அக்கா, என் தொட்டியில் பூச்சியே இல்லை"
என்றார் பூன் லியோங்,
ஷிஃப்ட் மாறும் ஏழு மணிக்கு, தொழிற்சாலை வாசலில்,
ஹெல்மெட்டுக்குள் வைத்திருந்த பையை எடுத்து நீட்டியபடி.
எவர் தொட்டியிலும் பூச்சி இல்லை.
போன வருடம் என் தொட்டியிலும்தான் இல்லை,
பதினொரு பவளங்கள் அடியிலிருந்து நுனிவரை
ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து முடியும்வரை.

ஐம்பது ரிங்கிட்.
கட்டைவிரல் உயரம். பச்சை உடம்பு,
நுனியில் மட்டும் ஊதா,
மைக்கூட்டில் தொட்டு எடுத்ததுபோல.
பாயான் லெப்பாஸிலிருந்து சுங்கை டுவா வரை
மடியிலேயே வைத்திருந்தேன்.
பக்கத்து இருக்கைப் பெண் மீனா என்றாள்.
இல்லை. செடியா? இல்லை.
அப்போ கல்லா?
யோசித்து முடிப்பதற்குள் அவள் நிறுத்தம் வந்துவிட்டது.

ஐஸ்கிரீம் டப்பா. வெள்ளைதான் வேண்டும்,
விழுவது தெரிய.
தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டர்.
அயோடின், சொட்டுச் சொட்டாக,
நீர்த்த தே-ஓ நிறம் வரும்வரை.
செவ்வாய்க்கு நல்லதென்று மாமியார் போட்டுவிட்ட மோதிரத்தைக்
கழற்றி ஜன்னல் கட்டையில் வைக்கிறேன்.
அதுவும் பவளம்தான்.
அதை எந்தப் பூச்சியும் தின்னாது.

பத்து நிமிடம். போனில் அலாரம்.

முதல் நிமிடத்தில் ஒன்றும் இல்லை.
பூன் லியோங்கை அநியாயமாய்ச் சந்தேகித்தோமோ என்று
நினைக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை.
மருந்து ஊட்டும் சிரிஞ்சால் கிளையிடுக்கில் பீய்ச்சினேன்.
விழுந்தது.
இன்னொன்று.
பிறகு எண்ணவில்லை.
தட்டைப்புழு, அரிசிக் குருணை அளவு.
பவளத்தைத் தின்று தின்று பவளத்தின் நிறமே ஆகிவிட்டது;
கிளையில் ஒட்டியிருக்கையில் அதற்கு உடம்பே இல்லை.
பிடி விட்டபின்தான் புழு.

பன்னிரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில்
சில்லுகளின் விரிசல் தேடிய கண்
வீட்டுக்கு வந்தும் வேலையை விடுவதில்லை.
அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
முட்டைகள்.
கடுகைவிடச் சிறிது, பாகு நிறம்,
நெருக்கி ஒட்டியிருந்தன, கவனமாக,
யாரோ பொறுப்போடு செய்த வேலை.
அயோடின் இவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல.
பிளேடை எடுத்துச் சுரண்டினேன்.
சதையும் கொஞ்சம் வந்தது.
சுரண்டியது போதாது, தெரியும்.
நாட்காட்டியில் ஒரு வட்டம்: அடுத்த வியாழன்.
அதற்கடுத்ததும். அதற்கும் அடுத்ததும்.
அதுவரை தனி வாளி, தனி விளக்கு,
தொட்டியில் இருப்பவற்றோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஏழாம் நிமிடத்தில் அது வெளியே வந்தது.
கிளையின் அடி ஓட்டையிலிருந்து ஒரு கை,
நூல் தடிமன், வரிவரியாக.
பிறகு நான்கு.
நட்சத்திரம். அழுக்கைத் தின்று பிழைக்கும் சாது.
யார் மீதும் புகார் இல்லாத ஒன்று,
புழுக்கள் செத்துக் கிடந்த டப்பாவில்
ஐந்து கைகளாலும் விளிம்பைத் தேடியது.

வேலையில் இதற்கு விதி உண்டு.
தட்டில் ஒன்று கெட்டால் தட்டோடு தள்ளு.
கையெழுத்துப் போடு. அடுத்த தட்டு.

நேற்றுக் கட்டிவாங்கிய தேநீரின் ஸ்ட்ரா
குப்பைத்தொட்டியின் மேலாக்கில் கிடந்தது.
கழுவி, ஒரு முனையை விரலால் அடைத்து,
உறிஞ்சி எடுத்து,
மைலோ கப்பில் நல்ல உப்புநீருக்குள் விட்டேன்.
அலாரம் அடித்தது. அணைக்கக் கை ஈரம்.

தவசீலன் எழுந்து வந்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு.
போன மாதம் தே-ஓ என்று நம்பி
உதடுவரை கொண்டுபோனவர்.
"இது டீயா, மருந்தா?"
"மருந்து."
"அந்தக் கப்பு?"
"தெரியாமல் சிக்கியது."
குனிந்து பார்த்தார். "பிழைக்குமா?"

ஐந்தில் ஒரு கை சுருண்டு,
மெல்ல நீண்டது.
அல்லது, கப்பை நான் அவர் பக்கம் நகர்த்தியதில்
தண்ணீர் ஆடியிருக்கலாம்.